ரிப்பேர் செய்துவிட்டுப் போன திருடன்

"அரசாங்கத்தை ஏமாத்தினவள்னு என் பேர்ல நோட்டீஸ் வந்திருக்கு சார். நான் என் வீட்டுக்காரரைக்கூட இதுவரைக்கும் ஒழுங்கா ஏமாத்தினது கிடையாது."

வந்தவள் அழவில்லை. அழுதால் வேலை கெட்டுவிடும் என்பதுபோல, நோட்டீஸை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் சுருக்கம் நீக்கினாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள். கான்வாஸ் பை தைக்கும் பட்டறை நடத்துகிறவள். கடைத்தெருவில் பைக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கொக்கி. அது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் வேலையில் இருந்தபோது, தங்கள் கடைக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு ஒப்பாரி வைத்தவர்கள் ஒன்றுகூடி வைத்த பெயர். ஒரே ஒரு கேள்வி போடுவார். மாட்டியவன் துள்ளத் துள்ள இன்னும் ஆழமாய் இறங்கும். அந்த வேலையை விட்டபின் தனியாகத் துப்பறிகிறார். மாடியில் ஓர் அறை, சத்தம் போடும் ஒரு ஃபேன், அதைவிட அதிகமாய்ச் சத்தம் போடும் ஒரு மச்சினி. இதுதான் அவருடைய துப்பறியும் நிறுவனம்.

மச்சினியின் பட்டப்பெயர் வாயாடி. தொலைபேசிப் புகார் மையத்தில் இருபது வருடம் ஊராரிடம் திட்டு வாங்கியவள். வாங்கியதை எல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுப்பதற்காகவே அக்காள் புருஷனிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"என்ன அத்தான், நோட்டீஸைக் கையில எடுக்காமலே படிக்கிறீங்க? கவர்மென்ட் காகிதம் கடிக்காது."

"கடிச்சதனாலதான் இந்தம்மா வந்திருக்காங்க. நீங்க சொல்லுங்கம்மா."

பைக்காரம்மா சொன்னாள். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு மெஷின் வாங்க அரசு மானியம் தருகிறது. ஓர் அதிகாரி வந்து பட்டறையைப் பார்ப்பார். பட்டறை உண்மை, வேலை உண்மை என்று அவர் எழுதினால் பணம் வரும். தடித்த கான்வாஸ் தைக்கிற பெரிய மெஷின் இரண்டு வாங்கலாம் என்று அவளும் விண்ணப்பித்தாள். எழுதிக் கொடுக்க ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். மானிய மன்னன் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருக்கும் பெரிய மனிதர்.

"மாசக்கணக்கா யாரும் வந்து பாக்கல. இப்ப திடீர்னு நோட்டீஸ். என் பட்டறை இருக்கிற அதே இடத்துல வேற ஒரு கம்பெனி இருக்காம். அதுக்கு ஏற்கெனவே மானியம் கொடுத்தாச்சாம். நான் பேரை மாத்தி ரெண்டாம் தடவை கேக்கறேனாம். நாளைக்குக் காலையில விசாரணை. பதில் சரியில்லேன்னா கேஸ், பட்டறைக்கு சீல். என்னோட ஆறு பொம்பளைங்க வேலை செய்யறாங்க சார். அதுல மூணு பேருக்கு வீட்டுல வேற வருமானம் கிடையாது."

"மானியம் வாங்கினதா சொல்ற கம்பெனி யாரோடது?"

"யாருக்குத் தெரியும்? என் பட்டறையில என்னைத் தவிர சிலந்திதான் சொந்தமா வலை போட்டிருக்கு."

வாயாடி அவளை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள். தொழில்போட்டி வந்துவிட்டது.

* * *

மானிய அலுவலகத்தில் ஆய்வு அதிகாரி கொக்கியையும் வாயாடியையும் நிற்கவைத்தே பேசினார். கஞ்சி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத முகம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பேச்சுக்குப் பேச்சு நேராக்கிக்கொண்டார். அது கோணினால் தன் அதிகாரமும் கோணிவிடும் என்ற பயம் போலிருக்கிறது.

"நானே நேர்ல போய்ப் பார்த்தேன். சொல்லாம கொள்ளாமத்தான் போவேன், அதுதான் என் வழக்கம். பட்டறை முழுக்க ஆளுங்க. எல்லா மெஷினும் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஒண்ணு பாக்கியில்ல. முதலாளின்னு ஒரு ஆம்பளை வந்து பேசினார். எல்லாம் திருப்தி. கையெழுத்துப் போட்டேன். இப்ப புதுசா வந்திருக்கிற மேலதிகாரியம்மா, ஒரே விலாசத்துல ரெண்டு விண்ணப்பம் ஏன்னு கேக்கறாங்க. அப்பத்தான் அந்தம்மாவோட தில்லுமுல்லு வெளியில வருது."

"இடம் மாறிப் போயிருப்பீங்களோ?" என்றார் கொக்கி.

"போட்டோ இருக்கு." எடுத்துக் காட்டினார். தகரக் கூரை, பச்சைச் சுவர், வரிசையாகத் தையல் மெஷின்கள். பைக்காரம்மாவின் பட்டறையேதான். மெஷின்களில் குனிந்து தைக்கிற பெண்களின் முகம் மட்டும் தெரியவில்லை.

"இப்படித்தான் சார்," என்று அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "இந்த மாதிரி ஆளுங்களுக்கு இலவசம்னா போதும், ரெண்டு கையாலயும் வாரப் பாப்பாங்க."

"வாரினது ரெண்டு கைதானான்னு பாக்கத்தான் வந்திருக்கோம்," என்றாள் வாயாடி.

அதிகாரி அட்டையை நேராக்கிக்கொண்டார்.

* * *

பட்டறை ஒரு சந்தின் கடைசியில், பூட்டிக் கிடக்கும் கிடங்கு ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே வெறும் சுவர். யார் வந்தாலும் போனாலும் பார்க்க ஆளில்லை. உள்ளே பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி அதிகாரி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

பைக்காரம்மா முகத்தைச் சுளித்தாள். "எல்லா மெஷினும் ஓடுச்சாமா? பொய். கடைசி மெஷின் அப்ப ஓடவே ஓடாது. நூலைக் கடிச்சுக் கடிச்சுத் துப்பும். ரொம்ப நாளா ஓரங்கட்டிப் போட்டிருந்தேன்."

"இப்ப ஓடுதே?"

கடைசி மெஷினில் ஒருத்தி சரசரவென்று தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா... ஒரு நாள் காலையில வந்து பாத்தா ஓடுச்சு. எங்க வீட்டுக்காரர் சரிபண்ணியிருப்பார்னு நெனச்சேன். அவர் லாரி ஓட்டறவர், ஊருக்கு வந்தப்ப கேட்டா, நான்தான் ஆள் வெச்சுப் பண்ணினேன்னு அவர் நெனச்சிருக்கார். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு விட்டுட்டோம்."

"அந்தக் காலைக்கு முந்தின நாள் பட்டறையில யார் இருந்தாங்க?"

"யாருமில்ல. பூட்டியிருந்துச்சு. அன்னிக்கு மானிய மன்னன் நடத்தின பயிற்சி முகாம். நான், என் ஆளுங்க, எல்லாரும் கட்டாயம் வரணும்னாங்க. சாயங்காலம்வரைக்கும் ஒரு ஹால்ல உக்காரவெச்சு, சிரிச்ச முகமா இருந்தா வியாபாரம் வளரும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

"சாவி?"

"என் கைப்பையில." சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். "கைப்பையையும் செல்போனையும் வாசல்லயே டோக்கன் கொடுத்து வாங்கி வெச்சுக்கிட்டாங்க சார். உள்ள கொண்டுவந்தா கவனம் சிதறுமாம்."

"யாருக்குக் கவனம் சிதறும்னு சொல்லலியே," என்றாள் வாயாடி. "அத்தான், என் சர்வீஸ்ல எத்தனையோ திருட்டுப் புகார் கேட்டிருக்கேன். திருடன் வந்தான், நகையை எடுத்தான், சைக்கிளை எடுத்தான்... வந்தான், ரிப்பேர் பண்ணிட்டுப் போனான்னு ஒருத்தர்கூட சொன்னதில்ல."

"அவன் திருட வந்தது மெஷினை இல்ல. பட்டறையையே. ஒரே ஒரு நாளைக்கு." கொக்கி கடைசி மெஷின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. ஒரு மெஷின் சும்மா கிடந்தா என்ன கெட்டுப்போச்சு? ஒரு துணியைப் போட்டு மூடிட்டா முடிஞ்சுது. மெனக்கெட்டுச் சரிபண்ணியிருக்கான்னா, அவன் கூலிக்கு வந்தவன் இல்ல. மெஷின் கெட்டுக் கிடக்கிறதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியாத ஜாதி. அந்தப் பைத்தியம் பிடிச்சவனைத்தான் நாம தேடறோம்."

தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து இடம் கொடுத்தாள். கொக்கி மெஷினை அதன் பலகையிலிருந்து சாய்த்தார். அடிவயிற்றில் எண்ணெயும் பஞ்சும் நூல் குப்பையும் அப்பிக் கிடந்தன. உள்ளே விரலை விட்டுத் துழாவினார். எதையோ இழுத்தார்.

ஒரு துண்டுத் துணி. விரல் அகலம். அதன்மேல் நேராக ஒரு தையல், வளைவாக ஒரு தையல். சரிபார்த்தபின் தைத்துப் பார்க்கும் வெள்ளோட்டத் துண்டு. கீழே விழுந்து உள்ளே சிக்கியிருக்கிறது.

"இது உங்க துணியா?"

பைக்காரம்மா வாங்கித் தடவினாள். "வெல்வெட்டு. நீல வெல்வெட்டு. ஓரத்துல ஜரிகைகூட இருக்கு. நான் மளிகைப் பை தைக்கிறவ சார். யாராவது ஜரிகை வெச்ச வெல்வெட்டுல வெங்காயம் வாங்கப் போவாங்களா?"

"மன்னன் போவார்," என்றாள் வாயாடி. "மானிய மன்னன். அவரோட ஹால்ல திரைச்சீலை வெல்வெட்டா இருக்கும். வாங்க அத்தான், திரை ஓரத்துல ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு வந்துடலாம்."

* * *

திரைச்சீலை இருந்தது. சிவப்பு. அதுவும் வெல்வெட் அல்ல, மலிவுத் துணி.

ஹால் நிறையக் கூட்டம். சோப்பு காய்ச்சுகிறவர், மாவு மில் வைக்கப் பார்க்கிறவர், வேலை போன கணக்கர், கடன் வாங்கிச் சலூன் திறந்தவர். வருகிறவர் கையிலெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள், அதற்குள் நம்பிக்கை. மேடையில் மானிய மன்னன். உயரமான ஆள். தோளில் சால்வை, குரலில் இடிமுழக்கம்.

"அரசாங்கம் பணத்தை வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது! உங்களுக்குத் தெரியாததால், உங்கள் பங்கை வேறு யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!"

"அடப்பாவி," என்று வாயாடி முணுமுணுத்தாள். "பேச்சுல இந்த ஒரு வரி மட்டும் சத்தியமான உண்மை."

கூட்டம் கைதட்டியது. கொக்கிக்கு அந்தக் கைதட்டல் பொறுக்கவில்லை. அரசாங்கக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தால், இந்த மாதிரி ஆள் வாசலில் நின்று வசூல் செய்ய முடியுமா? தெளிவாக எழுத அவர்களுக்கு நேரமில்லை. விளக்கம் சொல்ல இவர்களுக்கு நிறைய நேரமிருக்கிறது.

"ஒரு கேள்வி கேளு," என்றார் மச்சினியிடம்.

வாயாடிக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. எழுந்துவிட்டாள். "ஐயா! நான் அப்பளம் போடறேன். எனக்கு எந்தத் துறையில மானியம் கிடைக்கும்?"

மன்னன் புன்னகைத்தார். வலது கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. தூக்கிய கை அப்படியே நிற்க, கழுத்தை மட்டும் லேசாய்த் திருப்பி மேடையின் இடப்பக்கம் பார்த்தார். அங்கே யாருமில்லை. வெறும் சுவர். ஆனாலும் சுவர் ஏதோ சொல்லப்போகிறது என்பதுபோல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு, "நல்ல கேள்வி! தேநீர் இடைவேளை!" என்று முழங்கிவிட்டு இறங்கிப் போனார்.

வெளியே வந்ததும் வாயாடி சிரித்தாள். "பதில் தெரியலேன்னா எல்லாரும் மோட்டுவளையைப் பாப்பாங்க, இல்ல தரையைப் பாப்பாங்க. இந்த ஆள் சுவரைப் பாக்கறாரே!"

"வசனம் மறந்தா மேடையோட பக்கத்துல இருந்து ஒருத்தர் சொல்லிக் கொடுப்பார்னு வருஷக்கணக்கா பழகின கழுத்து அது. தூக்கின கையை இறக்காம நின்னாரே, பாத்தியா? மேடையில கையை இறக்கிட்டா காட்சி செத்துப்போகும். அவர் ஆலோசகரே இல்ல. நாடகக்காரர்." கொக்கி நீலத் துண்டை எடுத்தார். "இப்ப யோசி. ஜரிகை வெச்ச நீல வெல்வெட்டை எவன் போடுவான்?"

வாயாடியின் கண்கள் விரிந்தன. "ராஜா வேஷம் கட்டறவன்."

* * *

ஊரில் நாடகக்குழு என்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய கொட்டகை. மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒப்பனை அறையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு தையற்காரர், கிழிந்த அங்கி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நீல வெல்வெட். ஜரிகைக் கரை.

கொக்கி துண்டை அங்கியின் ஓரத்தோடு சேர்த்து வைத்தார். ஜரிகையோடு ஜரிகை சேர்ந்தது.

"அட, இது எங்க கிடைச்சுது?" தையற்காரர் நிமிர்ந்தார். "அந்த விளம்பரப் படம் எடுத்தாங்களே, அங்க விட்டுட்டு வந்துட்டேனா? எந்த முட்டாள் சார் அந்த மெஷினை வெச்சிருக்கான்? ஊசியைப் பக்கம் மாத்தி மாட்டி வெச்சிருந்தான்! நான் சட்டை தைக்கப் போனேனா, மெஷினுக்கு வைத்தியம் பாக்கப் போனேனா?"

அவர்களோடு வந்து வாசலில் நின்ற பைக்காரம்மாவின் முகம் சிவந்தது. "ஊசி ஒண்ணும் பக்கம் மாறல. உள்ள கீழ்நூல் ஓட்டற ஷட்டில் தேஞ்சிருந்துச்சு."

"அதுவும் தேஞ்சிருந்துச்சு. ஊசியும் பக்கம் மாறித்தான் இருந்துச்சு."

"ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடலாம்," என்றார் கொக்கி. "விளம்பரப் படமா?"

சத்தம் கேட்டு நாடகக்குழுத் தலைவர் வந்தார். பின்னாலேயே நடிகைகள். தலைவர்தான் சொன்னார். "எங்க குழுவுல இருந்த ஒரு ஆள் வந்து கூப்பிட்டான் சார். ராஜா வேஷம் கட்டுவான். குரல் நல்லா இருக்கும், மண்டையில ஒண்ணும் நிக்காது. நாடகம் முழுக்க நான் பக்கத்துல நின்னு வசனம் சொல்லணும். அலுத்துப்போய் அனுப்பிட்டேன். இப்ப சுவரொட்டியில எல்லாம் அவன் மூஞ்சிதான். பெரிய ஆளாயிட்டான் போல, போகட்டும்னு விட்டேன். சிறுதொழிலைப் பத்தி அரசாங்கம் விளம்பரப் படம் எடுக்குது, நடிக்க வாங்கன்னான். இவங்க தையல்காரிகளா நடிச்சாங்க, நான் முதலாளி. ஒரு பகல்ல முடிஞ்சுது."

"அதிகாரி ஒருத்தர் வந்து பாக்கிற மாதிரிக் காட்சி இருந்துச்சா?"

"இருந்துச்சே! அதுதான் முக்கியமான காட்சி."

வாயாடி அத்தானின் காதோரம் குனிந்தாள். "முடிஞ்சுது கதை. மன்னன் நாடகம் போட்டு, அந்தக் கஞ்சிச் சட்டைக்காரரை ஏமாத்தியிருக்கான். பாவம், அவர் நிஜமாவே நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கார். அவரை நான் அநியாயமாத் திட்டிட்டேன்."

கொக்கி நீலத் துண்டை விரலில் சுற்றினார். அவருக்கு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. வசனம் நினைவில் நிற்காத ஒருவன், மானியம் எப்படி வரும், எந்த விண்ணப்பம் தேங்கிக் கிடக்கிறது, எந்தப் பட்டறை ஆளரவமில்லாத சந்தில் இருக்கிறது என்பதையெல்லாம் எப்படி மண்டையில் ஏற்றினான்?

"உங்களை எப்படி நடிக்கணும்னு யார் சொல்லிக் கொடுத்தாங்க? மன்னனா?"

"அவனா? அவன் அந்தப் பக்கமே வரல. ஹால்ல ஏதோ கூட்டம்னான். படத்துக்குத் தனியா டைரக்டர் இருந்தார்." தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பக் கறார் சார். மெஷின் ஒண்ணு ஓடலேன்னதும் கையெழுத்துப் போட மாட்டேன்னு குதிச்சார். அதனாலதான் இவரை ரிப்பேர் பண்ணச் சொன்னோம்."

"டைரக்டர் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

அந்தக் கேள்வி தலைவருக்கு அதுவரை தோன்றியதில்லை. கொக்கி மாட்டியது.

பின்னால் நின்ற ஒரு நடிகை முன்னால் வந்தாள். "அவரை நான் செல்லுல எடுத்திருக்கேன் சார். முதல் படமாச்சேன்னு, அம்மாகிட்டக் காட்ட, ஒத்திகையைத் திருட்டுத்தனமா எடுத்தேன்."

எல்லோரும் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள். பைக்காரம்மாவின் பட்டறை. பச்சைச் சுவர். நடிகைகள் மெஷின்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்: "குனிஞ்சு தைங்க. போட்டோவுல மூஞ்சி விழக் கூடாது. நான் கதவைத் தட்டுவேன். உடனே திரும்பிப் பாக்காதீங்க, வேலையில மும்முரமா இருக்கணும். முதலாளி எழுந்து வந்து வணக்கம் சொல்லணும். சரியா?"

சொல்லிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். நேராக்கினார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். கதவு தட்டப்பட்டது. திறந்தது. உள்ளே வந்தார். முகம் தெரிந்தது.

ஆய்வு அதிகாரி.

வாயாடிக்குப் பேச்சே வரவில்லை. கொக்கி அதற்காகவே அந்தக் காட்சியை இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்.

"மன்னன் வெறும் சுவரொட்டி," என்றார் பிறகு. "மூளை இந்த ஆள். யாரோட விண்ணப்பம் வருது, யார்கிட்டப் பட்டறை இருக்கு, எல்லாம் இவர் மேஜைக்குத்தானே வருது? நிஜமான ஆளை இழுத்தடிக்க வேண்டியது. அவங்களைப் பயிற்சின்னு ஹால்ல அடைச்சு வெச்சுட்டு, அவங்க பட்டறையிலேயே பொய்க் கம்பெனி நடத்தி, தானே வந்து பாத்து, தானே திருப்திப்பட்டு, தானே கையெழுத்துப் போட வேண்டியது. கணக்குல எல்லா மெஷினும் ஓடணும்னுதான் ரிப்பேர்கூடப் பண்ண வெச்சிருக்கார். புதுசா வந்த மேலதிகாரி விலாசத்தை ஒத்துப் பாப்பாங்கன்னு மட்டும் எதிர்பார்க்கல. மாட்டிக்கிட்டதும் பழியைத் தூக்கி இவங்க தலையில போட்டுட்டார்."

பைக்காரம்மா திரையை விரலால் குத்திக் காட்டினாள். "அந்த ஆள் முன்னாடி மாசாமாசம் கையைக் கட்டிக்கிட்டு நின்னேனே சார். 'உங்க முறை வரும்மா, பொறுமையா இருங்க'ன்னு சொல்லி அனுப்புவான். போகும்போது ஒரு பையும் வாங்கிப்பான். சும்மா."

நடிகைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடியோ எடுத்தவள் கேட்டாள்: "சார், நாளைக்கு விசாரணைக்கு நாங்களும் வரலாமா? எங்களை வெச்சு நடிச்சுக் காட்டினாரே, நடிப்புன்னா என்னன்னு அவருக்கு நாங்க கொஞ்சம் காட்டறோம்."

* * *

மேலதிகாரியம்மா அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ம், சொல்லுங்க," என்றார்.

ஆய்வு அதிகாரி கடகடவென்று ஒப்பித்தார். முன்னறிவிப்பு இல்லாமல் போனது, பட்டறை ஓடிக்கொண்டிருந்தது, முதலாளி வணக்கம் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்தது. இந்த அம்மா பேராசையில் இரண்டாம் தரம் கேட்கிறார் என்று முடித்தார். பைக்காரம்மா எழப் பார்த்தாள். வாயாடி அவள் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டாள்.

கொக்கி எழுந்தார். "மேடம், அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. அன்னிக்குப் பட்டறையில பாத்த ஆளுங்களை, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ எங்கயாவது பாத்ததுண்டா?"

"எதுக்குப் பாக்கணும்? எனக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? போனேன், கடமையைச் செஞ்சேன், வந்தேன்."

"பாத்தா அடையாளம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். எல்லாம் இந்தம்மாவோட கையாளுங்க."

கொக்கி கதவைத் திறந்துவிட்டார்.

நடிகைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, கைநிறைய வளையல். பட வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள்போல் ஜொலித்தார்கள். அதிகாரியைக் கண்டதும் எல்லோர் முகத்திலும் ஒரே நேரத்தில் அன்பு பொங்கியது.

"வணக்கம் டைரக்டர் சார்!" என்றார்கள் ஒரே குரலில்.

"சார், படம் எப்ப சார் ரிலீஸ்?" என்றாள் ஒருத்தி.

"நான் குனிஞ்சே தைச்சேனே சார், மூஞ்சி விழலதானே?" என்றாள் அடுத்தவள்.

நாடகத் தலைவர் கடைசியாக வந்து, கைகூப்பி, முதலாளிக் குரலில் வணக்கம் சொன்னார். "நீங்க கதவைத் தட்டலியே சார்? இன்னொரு டேக் போகலாமா?"

அதிகாரியின் கை தானாகக் கழுத்து அட்டைக்குப் போனது. நேராக்கவில்லை. கழற்றிச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். அட்டை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மேலதிகாரியம்மா வீடியோவைப் பார்த்தார். முழுதும் பார்த்தார். பிறகு போலீசைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் மன்னனும் பிடிபட்டு, கேட்காத கேள்விக்கெல்லாம்கூடப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்க் கம்பெனி அதிகாரியின் மைத்துனர் பெயரில் இருந்தது. அதே மாதிரி இன்னும் பல பட்டறைகளில் அதே நாடகம் வெளியூரிலிருந்து வந்த வேறு வேறு குழுக்களோடு நடந்திருந்தது.

எல்லோரும் போனபின் மேலதிகாரியம்மா நோட்டீஸை இரண்டாகக் கிழித்தார். "உங்கமேல தப்பில்ல. விட்டுடறோம். மானியம் வேணும்னா மறுபடி புதுசா விண்ணப்பம் கொடுங்க. முறைப்படி ஆய்வுக்கு ஆள் வருவாங்க."

பைக்காரம்மா எழுந்து நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"உங்க ஆள் திருடினதுக்கு, நான் வரிசையில மறுபடியும் கடைசியில போய் நிக்கணுமா? விட்டுடறீங்களா? யாரை யார் விடறது மேடம்? என் பட்டறையைக் காட்டித்தான் பணத்தை எடுத்திருக்கீங்க. என் சுவரு, என் மெஷினு. மானியம் வாங்கற அளவுக்கு அந்த இடம் உங்களுக்கு உண்மையாத் தெரிஞ்சிருக்கு. அதை வெச்சிருக்கிற நான் மட்டும் பொய்யா?"

மேலதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நடங்க. இப்பவே நானே வந்து பாக்கறேன்."

சந்தின் கடைசிவரை அரசாங்க வண்டி போகவில்லை. அம்மா இறங்கி நடந்தார். பட்டறைக்குள் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் எழவில்லை. அவசரமாய்க் கொடுக்க வேண்டிய வேலை இருந்தது. பைக்காரம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. வேலையாட்கள் கருவி வைக்கும் தடித்த கான்வாஸ் பை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுக்குத்தான் பெரிய மெஷின் கேட்டேன். சின்ன மெஷின்ல இந்தத் துணியைத் தைக்க ஒரு பைக்கு அரை நாள் ஆகுது. ஆனா என் தையல் பிரியாது. வேணும்னா இழுத்துப் பாருங்க."

மேலதிகாரியம்மா பையின் இரு பக்கத்தையும் பிடித்து லேசாக இழுத்தார். தையல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

பைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இழுங்க மேடம். கவர்மென்ட்டுக்கு பலம் அவ்வளவுதானா?"

மேலதிகாரியம்மா கைப்பையைக் கீழே வைத்தார். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுக்க ஆரம்பித்தார்.